விட்டுச்சென்ற நூலும் தொலைந்த நூலும்



சென்ற ஆண்டு ரபீஉல் அவ்வல் மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. அஸர் தொழுகை முடிந்திருந்தது. மதரஸாப் பிள்ளைகள் இன்னும் வந்து சேரவில்லை. ஏழாயிரம்பண்ணைப் பேருந்து நிறுத்தத்தின் அருகே தேநீர்க் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், செய்தித்தாளில் பொதிந்த ஒரு பொருளை இரு கைகளாலும் ஏந்தியபடி மதரஸா வாசலில் வந்து நின்றார். செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டிருந்தார்.

"அஜரத்து, இது உங்க ஆளுக வேதப் பொஸ்தகம் போல இருக்கு. பஸ் ஸ்டாப்புப் பெஞ்சுல கெடந்துச்சு. ரெண்டு நாளா சாமி படத்துக்குப் பக்கத்துலதான் வச்சிருந்தேன். யாரும் தேடி வரல" என்றார்.

பிரித்துப் பார்த்தோம். வேதமும் அன்று, ஹதீஸ் நூலும் அன்று. தோப்பில் முஹம்மது மீரான் எழுதிய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' என்னும் நாவல். அட்டையில் இருந்த திருப்பெயரைக் கண்டுதான் அண்ணாச்சி அதற்கு இத்தனை மரியாதை செய்திருக்கிறார். "இது கதைப் புத்தகம் அண்ணாச்சி" என்று சொன்னோம். "கதைன்னாலும் ஒருத்தரோட பொருளுல்லா?" என்று கேட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பிவிட்டார். ஃபிக்ஹுப் பாடத்தில் நாம் ஒரு வாரம் நடத்தும் செய்தியை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனதாகவே நமக்குத் தோன்றியது.

கண்டெடுக்கப்பட்ட பொருளுக்கு நம் மார்க்கச் சட்டத்தில் 'லுகதா' என்று பெயர். ஸைத் இப்னு காலித் அல்ஜுஹனீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. கண்டெடுத்த பொருளைப் பற்றிக் கேட்டு வந்தவரிடம் நபி (ஸல்) அவர்கள், அதன் பையையும் பையைக் கட்டியிருக்கும் கயிற்றையும் நன்றாக அறிந்து வைத்துக்கொண்டு, ஓர் ஆண்டுக்காலம் அறிவிப்புச் செய்யுமாறு பணித்தார்கள். வழிதவறிய ஆட்டைப் பற்றி அவர் கேட்டபோது, அது உமக்கோ உம் சகோதரருக்கோ ஓநாய்க்கோ போய்ச் சேரும் என்ற பொருள்படக் கூறினார்கள். வழிதவறிய ஒட்டகத்தைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அவர்களுடைய திருமுகம் சிவந்துவிட்டது. அதற்குத் தண்ணீரும் உண்டு, நடக்கக் காலும் உண்டு, உரியவர் வரும்வரை அது தானே பிழைத்துக்கொள்ளும், அதில் உமக்கு என்ன வேலை என்பது அந்தக் கோபத்தின் கருத்து. இந்த ஆட்டையும் ஒட்டகத்தையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் பிற்பகுதியில் இவை மீண்டும் தேவைப்படும்.

நூலை அமானிதமாகப் பெற்றுக்கொண்டோம். தொலைந்த பொருளைப் பள்ளிவாசலுக்குள் அறிவிப்பது தடுக்கப்பட்டிருப்பதால், ஜும்ஆவுக்குப் பின் ஒலிபெருக்கியில் சொல்லலாம் என்று மோதினார் கூறிய யோசனையை ஏற்கவில்லை. சுற்றுச்சுவருக்கு வெளியே தெருவைப் பார்த்திருக்கும் கரும்பலகையில், பேருந்து நிறுத்தத்தில் ஒரு நூல் கிடைத்திருக்கிறது, உரியவர் அடையாளம் கூறிப் பெற்றுக்கொள்ளலாம் என்று சுண்ணக்கட்டியால் எழுதினோம். நூலின் பெயரை எழுதவில்லை. அதன் நடுவில் சிவகாசிப் பேருந்துச் சீட்டு ஒன்று செருகப்பட்டிருந்ததையும் எவரிடமும் சொல்லவில்லை. பையும் கயிறும் நம் காலத்தில் இப்படியும் இருக்கலாம் அல்லவா!

பத்தொன்பது நாள்கள் கழிந்தன. நம் மதரஸாவில் சிறுவயதில் ஓதி, இப்போது சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் மஃரிபுக்கு வந்தவர், பலகையைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"உஸ்தாத், அது தொலைஞ்சு போகல. நானாத்தான் வச்சுட்டு வந்தேன். படிச்சு முடிச்சுட்டேன், வேற யாராவது எடுத்துப் படிக்கட்டும்னு."

அடையாளம் கேட்டோம். பேருந்துச் சீட்டைச் சொன்னார். ஐயம் தீர்ந்தது. பிறகு ஓர் ஆசிரியருக்கே உரிய வழக்கப்படி கடிந்துகொள்ளத் தொடங்கினோம். காசு கொடுத்து வாங்கிய பொருளைத் தெருவில் போடுவது இஸ்ராஃப், வீண்விரயம் என்றோம். அவர் குரலை உயர்த்தாமல், "அலமாரியில பூட்டி வச்சிருந்தா மட்டும் வீண் இல்லையா உஸ்தாத்?" என்று கேட்டார். உடனே மறுமொழி சொல்ல இயலவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம். இக்கட்டுரை அவருக்கு நாம் கடன்பட்ட மறுமொழிதான்.

அவர் இதைத் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. டில்லி மெட்ரோ ரயில் இருக்கைகளிலும் நிலையங்களிலும் நூல்களை வைத்துச் செல்லும் இணையர் ஒருவரைப் பற்றிய காணொளியைக் கைப்பேசியில் பார்த்திருக்கிறார். அந்த முயற்சி 2017இல் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, 2016 நவம்பரில், ஆங்கில நடிகை எம்மா வாட்சன் லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் மாயா ஏஞ்சலோவின் நூற்படிகளை ஆங்காங்கே ஒளித்துவைத்துச் சென்ற செய்தி பல நாட்டு நாளேடுகளில் வந்தது. இவற்றுக்கெல்லாம் முன்னோடி 2001 ஏப்ரலில் அமெரிக்காவில் ரான் ஹார்ன்பேக்கர் என்பவர் தொடங்கிய 'புக்கிராஸிங்' என்னும் இயக்கம். படித்து முடித்த நூலைப் பூங்கா இருக்கையிலோ தேநீர் விடுதியிலோ விட்டுச்செல்ல வேண்டும். எடுத்தவர் படித்துவிட்டு அவ்வாறே இன்னோரிடத்தில் விட வேண்டும். 2004இல் அச்சொல்லை ஆக்ஸ்போர்டு அகராதியே ஏற்றுக்கொண்டது.

நம் இளைஞர் இந்தக் காட்சியைப் பார்த்தார். ஆனால் அதில் ஒரு சிறு பொருளைக் கவனிக்கத் தவறிவிட்டார். 2001இல் தொடங்கியவர்கள் ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண் கொடுத்து, இது தொலைந்த நூல் அன்று என்று அறிவிக்கும் ஒரு சீட்டையும் ஒட்டினார்கள். லண்டனிலும் டில்லியிலும் அட்டைமேலேயே ஓர் ஒட்டுவில்லை உண்டு. எடுத்துக்கொள், படி, திரும்ப வை என்பது அதன் சாரம். நம் இளைஞர் வைத்த நூலில் ஒரு சொல்லும் எழுதப்படவில்லை. விளைவு என்ன? அது நேர்மையான ஒருவருடைய கையில் அகப்பட்டது. நேர்மையான அவர் அதைப் படிக்கவில்லை. அவரிடமிருந்து மதரஸாவுக்கு வந்தது. அமானிதப் பொருளைப் பயன்படுத்தலாகாது என்று நாமும் படிக்கவில்லை. இருபது நாள் சாமி படத்தருகிலும் மதரஸாப் பெட்டியிலும் அந்நூல் சிறையிருந்ததே மிச்சம்.

இதுவே நாம் சொல்ல வந்த செய்தி. எழுத்தில்லாமல் விட்டுச்செல்லும் கொடை, கொடுத்தவர் எண்ணத்துக்கு நேர்மாறாக வேலை செய்கிறது. பிறர் பொருளைத் தொட அஞ்சுபவர் அதைத் தொடமாட்டார். அல்லது எடுத்து உரியவரைத் தேடி அலைவார். அஞ்சாதவர் எடுத்துக்கொள்வார், அவர் படிப்பதற்காகத்தான் எடுத்தார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. நல்லவருக்குச் சுமையும் மற்றவருக்கு ஆதாயமுமாக முடியும் ஒரு செயலை, நிய்யத் நன்றாக இருந்தது என்ற ஒன்றை மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது.

மேலை நாட்டில் இது இவ்வளவு பெரிய சிக்கலாக இராமலிருக்கலாம். நம் ஊரில் அப்படி அன்று. பெஞ்சில் கிடக்கும் நூலை எடுப்பவர் கண்ணுக்கு முதலில் தெரிவது அதன் எடை. பழைய பேப்பர் கடைகளுக்கு இப்பகுதியில் என்றும் பசி அடங்குவதில்லை. 1922இல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய நாள் முதலாக இந்தக் கரிசல் வட்டாரம் தாளையும் மருந்தையும் நம்பி வாழ்கிறது. தீப்பெட்டிக்குத் தாள், பட்டாசுக் குழாய்க்குத் தாள், நாட்காட்டிக்குத் தாள், நோட்டுக்குத் தாள். தீபாவளிக்கு மறுநாள் தெருவில் சிதறிக்கிடக்கும் காகிதத் துணுக்குகளைக் குனிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: பாதி எழுத்துகள், பாதிச் சொற்கள், யாரோ ஒரு பிள்ளை எழுதிய கணக்கின் விடை. நம் வீட்டுப் பெரியவர்கள் தெருவில் கிடக்கும் எழுத்துத் தாளைக் கண்டால் மிதிக்காமல் எடுத்துச் சுவர் இடுக்கில் செருகிவிட்டுப் போவார்கள். அதில் அல்லாஹ்வின் திருநாமம் இருந்துவிடுமோ என்ற அச்சம் அவர்களுக்கு. அந்த அச்சத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பெஞ்சில் ஒரு நூலை வைத்துவிட்டு நிம்மதியாகப் பேருந்து ஏற நமக்கு எளிதில் மனம் வருவதில்லை.

ஆகவே ஏழாயிரம்பண்ணைப் பேருந்து நிறுத்தத்தில் பெயரற்றுக் கிடக்கும் நூல், ஹதீஸில் வரும் ஆடு போன்றது. எடுத்தவருக்கோ, அவர் சகோதரருக்கோ, அல்லாவிட்டால் ஓநாய்க்கோ. ஓநாய் எந்தக் கடையில் தராசு வைத்திருக்கிறது என்பதை இவ்வூரார்க்கு விளக்க வேண்டியதில்லை. முதல் பக்கத்தில் தெளிவாக ஓர் அனுமதி எழுதப்பட்ட நூலோ ஒட்டகத்தை ஒத்தது. தனக்கு வேண்டியதைத் தானே சுமந்து செல்கிறது. எடுத்தவரைக் குற்றவுணர்வுக்கு ஆளாக்குவதில்லை. உரியவரைத் தேட வேண்டிய கடமையையும் சுமத்துவதில்லை. இந்த ஒப்புமையை நாமாகச் சொல்கிறோம். ஹதீஸின் விளக்கமாக எவரும் கொள்ள வேண்டாம்.

சட்டத்தின் பார்வையில் அந்த எழுத்து என்ன செய்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். நாம் முஃப்தி அல்லர். பட்டயம் பெற்ற மக்தப் ஆசிரியர் என்ற அளவில் பாடநூல்களில் கற்றதையே கூறுகிறோம். நிகாஹ் மஜ்லிஸில் சர்க்கரையும் பேரீச்சம்பழமும் அள்ளித் தூவுவதைப் பற்றி இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் மின்ஹாஜில் பேசுகிறார்கள். தூவுவதும் ஆகும், பொறுக்குவதும் ஆகும், பொறுக்காமல் விடுவது சிறப்பு என்பது அங்குள்ள தீர்வு. அங்கே எவரும் வாய்திறந்து அனுமதி கொடுப்பதில்லை. தூவுகிற செயலே அனுமதியாகிவிடுகிறது. ஏனெனில் அதன் பொருள் அந்தச் சபையில் உள்ள அனைவருக்கும் தெரியும். பேருந்து நிறுத்தத்தில் நூலை வைப்பதன் பொருள் டில்லியில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். நம் ஊர் வழக்கத்தில் அது இன்னும் இல்லை. வழக்கம் பேசாத இடத்தில் வாய் பேச வேண்டும். வாய் அங்கே இல்லாதபோது எழுத்து பேச வேண்டும்.

இதைவிடவும் வலுவான ஒரு வழி உண்டு: வக்ஃபு. நிலமும் கட்டடமும் மட்டுமே வக்ஃபு ஆகும் என்று நம் மக்களிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஹனஃபீ மத்ஹபின் ஹிதாயாவில் இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களின் கருத்து தரப்படுகிறது. மக்களிடம் வழக்கம் இருக்குமானால் கோடரி, மண்வெட்டி, சமையற்பாத்திரம், ஜனாஸாக் கட்டில், முஸ்ஹஃபு போன்ற அசையும் பொருள்களையும் வக்ஃபு செய்யலாம் என்பது அவர்கள் கருத்து. அதையொட்டி நுஸைர் இப்னு யஹ்யா (ரஹ்) அவர்கள் தம் நூல்களையே வக்ஃபு செய்த செய்தியும் அங்கே வருகிறது. முஸ்ஹஃபுக்கு ஆகுமென்றால் கல்வி நூல்களுக்கும் ஆகும் என்பது அவர்களின் பார்வை. பழைய அரபுக் கல்லூரிகளில் நூலின் முதல் ஏட்டில் வக்ஃபு என்று எழுதியிருப்பதைக் கண்டவர்கள் பலர் இருப்பீர்கள். அந்த ஒரு சொல் அந்நூலை விற்பனையிலிருந்தும் வாரிசுரிமையிலிருந்தும் விடுவித்துவிடுகிறது.

ஆனால் தெருவில் விடும் நாவலுக்கு வக்ஃபு என்று எழுதுவதை நாம் பரிந்துரைக்கமாட்டோம். வக்ஃபுக்குப் பொறுப்பாளர் வேண்டும், பாதுகாப்பு வேண்டும். அதை அறியாத ஒரு பிள்ளை எடுத்துச் சென்று எடைக்குப் போட்டுவிட்டால், நாம் வைத்த சொல்லே அவனைப் பெரிய பாவத்தில் தள்ளியதாகிவிடும். எளிய அனுமதியே போதும். எடுத்தவர் படிக்கட்டும், வேண்டுமானால் வைத்துக்கொள்ளட்டும், வேண்டாமென்றால் பிறருக்குக் கொடுக்கட்டும். இளைஞரிடம் நாம் கூறியதும் இதுவே.

அவர் ஒரு மறுப்புச் சொன்னார். "நண்பர்களுக்கு இரவல் கொடுத்தா திரும்ப வரவே வராது உஸ்தாத். கேட்டா மனக்கசப்பு. பெஞ்சுக்குக் கொடுத்தா அந்தத் தொல்லையே இல்ல" என்றார். இதில் உண்மை இருக்கிறது. இரவல் வாங்கிய நூலை உரியவருக்குத் தராமல் வைத்துக்கொள்வதை ஒருவகை மோசடி என்று இமாம் ஸுஹ்ரீ (ரஹ்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஹதீஸ் கலையின் தொடக்கக் காலத்திலேயே இந்த நோய் இருந்திருக்கிறது போலும். நம் மதரஸா அலமாரியிலிருந்து போய்த் திரும்பாத நூல்களின் பட்டியலை இங்கே எழுதினால் சில வாசகர்கள் சங்கடப்படுவார்கள், விட்டுவிடுகிறோம். திரும்பி வராதென்று அறிந்தே மனமுவந்து விட்டுவிடுபவருக்குக் கடன் நினைவும் இல்லை, கசப்பும் இல்லை. பெஞ்சுக்குக் கொடுப்பதில் நாம் கண்ட முதல் நன்மை அது.

இனி, நாவல் என்ற பொருளுக்கு வருவோம். இந்தச் செய்தி ஊரில் பரவியபோது ஜமாஅத்தில் மூத்தவர் ஒருவர் நம்மை அழைத்துக் கேட்டார். வைப்பதென்றால் தீன் நூலை வைக்க வேண்டியதுதானே, கதைப் புத்தகத்துக்கு மதரஸா ஆசிரியர் வக்காலத்து வாங்கலாமா என்பது அவர் கேள்வி. மரியாதையோடு ஒன்றைச் சொன்னோம். குர்ஆன் தமிழாக்கத்தையோ ஹதீஸ் தொகுப்பையோ திறந்தவெளிப் பெஞ்சில் ஆளில்லாமல் விடுவதுதான் நமக்கு உடன்பாடில்லாத செயல். மழை நனைக்கும், காற்று தள்ளும், கால் படும், அதன் முடிவு எந்தக் குழாய்க்குள் என்று எவருக்கும் தெரியாது. அதைக் கையில் கொடுத்து, முகம் பார்த்துப் பேசித்தான் சேர்ப்பிக்க வேண்டும். பெஞ்சில் விடுவதற்கு ஏற்றது கதை நூலே. அதிலும் இறைநாமம் உள்ள பக்கங்கள் இருக்கலாம் என்பதால் தரையோடு தரையான இடமும் கூரையில்லா இடமும் கூடாது என்பது மட்டும் நம் நிபந்தனை.

மூத்தவர் அத்தோடு விடவில்லை. "அந்தக் கதையில தங்ஙளையே ஏமாத்துக்காரனாக் காட்டியிருக்கானாமே?" என்றார்.

இளைஞர் அனுமதி தந்தபின் நாமும் அந்நாவலைப் படித்துவிட்டோம். கடற்கரைக் கிராமம் ஒன்றில் செல்வாக்குள்ள முதலாளி, தம் ஊருக்கு வரும் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தை மார்க்கத்துக்கு ஆபத்து என்று எதிர்க்கிறார். பக்தியின் பெயரால் ஊரை உறிஞ்சும் தங்ஙள் ஒருவரும் வருகிறார். படிக்கும்போது சில இடங்களில் முகம் சுளித்தோம், மறைக்கவில்லை. பக்கத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து நடந்த இரவும் உண்டு. ஆனால் அது 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து, 1988இல் நூலான கதை. நம்மவர் நம்மவருக்குச் சொன்ன கதை. எழுதியவர் திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வணிகம் செய்துகொண்டே எழுதியவர். 'சாய்வு நாற்காலி' நாவலுக்காக 1997இல் சாகித்ய அகாதமி விருது பெற்றவர். 2019இல் இறையடி சேர்ந்தார். நாவல் என்பதே நமக்கு அயலான பொருள் என்று கருதுவோருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இலங்கையில் சித்திலெவ்வை மரைக்காயர் 'அஸன்பேயுடைய சரித்திரம்' எழுதி வெளியிட்டது 1885இல். தமிழில் நாவல் பிறந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1938இல் நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் 'காதலா கடமையா' எழுதினார். நம் பெண்கள் நாவல் படிக்கலாமா என்று இன்று கேட்பவர்கள், நம் பெண்ணொருத்தி அன்றே நாவல் எழுதியிருக்கிறாள் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். எல்லா நாவலும் நல்லது என்று நாம் கூறவில்லை. விட்டுச்செல்பவர் முதலில் முழுமையாகப் படித்திருக்க வேண்டும். தம் தங்கை எடுத்துப் படித்தால் தமக்குச் சம்மதமா என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த இளைஞரிடம் கேட்டோம். "என் தங்கச்சிதான் உஸ்தாத் முதல்ல படிச்சா" என்றார்.

யார் எடுத்துப் படிப்பார் என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. அந்தப் பெஞ்சில் விடியற்காலையில் அமர்ந்திருப்பவர்கள் தீப்பெட்டி ஆபீஸுக்கும் பட்டாசு ஆலைக்கும் வேன் வரக் காத்திருக்கும் பெண்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அருகிலுள்ள அச்சங்குளத்தில் நிகழ்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபின், அந்த வேனில் ஏறுபவரைப் பார்க்கும்போதெல்லாம் நம் உதடுகள் தாமாக துஆ ஓதுகின்றன. இவர்களா நாவல் படிப்பார்கள் என்று கேட்டவர் உண்டு. நம் மாவட்டத்து மேலாண்மறைநாட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்த மேலாண்மை பொன்னுச்சாமி, ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். 2007இல் 'மின்சாரப் பூ' தொகுப்புக்காகச் சாகித்ய அகாதமி விருது பெற்றார். இந்த மண்ணில் யார் படிப்பார், யார் படிக்கமாட்டார் என்று முன்கூட்டியே தீர்ப்பளிக்க நமக்குத் துணிவில்லை. அவர்களுக்கு முந்நூறு ரூபாய் நூல் அற்பப் பொருளும் அன்று. கீழே கிடக்கும் ஒற்றைப் பேரீச்சம்பழத்தைப் போல அறிவிப்பின்றி எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் சலுகை தரும் இனத்தில் அது சேராது. அவர்களில் ஒருவர் அதைத் தயக்கமின்றி எடுக்க வேண்டுமானால், எடு என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஆளில்லாப் பெஞ்சைவிட ஆள் உள்ள இடம் மேல் என்றும் நமக்குத் தோன்றுகிறது. 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். வண்டியோடு ஆளும் சென்றார். தூத்துக்குடியில் முடிதிருத்தகம் நடத்தும் பொன். மாரியப்பன் தம் கடைக்குள்ளேயே நூலகம் அமைத்து, காத்திருக்கும் வாடிக்கையாளர் கையில் நூலைக் கொடுக்கிறார். படிப்பவருக்குக் கட்டணச் சலுகையும் தருகிறார். 2020 அக்டோபரில் பிரதமரின் வானொலி உரையில் அவர் பேசப்பட்டார். முடி வெட்டும் நாற்காலிக்கு அருகே நூல் இருக்க முடியுமானால், தேநீர்க் கடைப் பலகையில் இருக்கலாகாதா?

அண்ணாச்சியிடம் சென்று கேட்டோம். "வேதப் பொஸ்தகம் இல்லேல்ல?" என்று இன்னொரு முறை உறுதிசெய்துகொண்டார். பிறகு பிஸ்கட் பாட்டில்களுக்கு மேலே, பெஞ்சில் அமர்ந்தாலே கைக்கு எட்டும் பலகையில் இடம் ஒதுக்கினார். முதல் பக்கத்தில் இளைஞர் தம் கையாலேயே எழுதினார்: இது தொலைந்த நூல் அன்று. எடுத்துச் செல்லலாம். படித்தபின் இங்கேயே வைக்கலாம், பிறருக்கும் கொடுக்கலாம். எடைக்கு மட்டும் போட வேண்டாம். கடைசி வரி அவர் சேர்த்தது. சட்டப்படி அது நிபந்தனையா வேண்டுகோளா என்று நம் சக ஆசிரியர் ஒருவர் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்.

மூத்தவர் இன்றுவரை உடன்படவில்லை. ஆயினும் பலகையை எடுக்கச் சொல்லவுமில்லை.

நூல் மூன்றாம் நாளே காணாமற்போயிற்று. எடுத்தவர் யாரென்று அண்ணாச்சி கவனிக்கவில்லை. ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து, ஒரு காலையில் அது பலகைக்குத் திரும்பி வந்திருந்தது. நாம் எடுத்துப் புரட்டினோம். பக்க ஓரங்களில் சாம்பல் நிறத்தில் மினுமினுக்கும் விரல் அடையாளங்கள். அலுமினியப் பொடி கையில் படிந்தவர்களுக்கு எத்தனை கழுவினாலும் எளிதில் போகாத நிறம் அது. நூலின் பாதிக்குச் சற்று மேல்வரை அந்த அடையாளங்கள் தொடர்ந்தன. அதன்பின் எல்லாப் பக்கமும் வெள்ளையாக இருந்தது.

அச்சகத்து இளைஞர் அதை எடுத்துச் சாத்தூர்ப் பேருந்து நிறுத்தத்தில் வைக்கலாம் என்று கை நீட்டினார். அண்ணாச்சி தரவில்லை. "அந்தப் பிள்ளை இன்னும் முடிக்கலய்யா. தீபாவளி நெருக்கம், வேலை சாஸ்தி. அது வந்து எடுத்துக்கிடும்" என்று சொல்லி, நூலைத் துணியால் துடைத்து மறுபடியும் பிஸ்கட் பாட்டில்களுக்கு மேலே வைத்தார்.